‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் 34 வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆன்லைனில் வாங்கிய ஒரு கிரைண்டரைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் இரண்டரை மாதமாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். விலை 5,490 ரூபாய். எங்கள் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அதைவிட, நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று மூன்று தடவை பதிந்தார்களே, அதுதான் மனசை அறுக்கிறது.

என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் வலி. பழைய கிரைண்டரில் கல்லைத் தூக்கி வைத்து மாவை வழிக்க அவளால் முடியவில்லை. சாய்த்து மாவை ஊற்றுகிற டில்டிங் கிரைண்டர் என்றால் கைக்கு நோகாது என்று, தீபாவளித் தள்ளுபடியில் 2 லிட்டர் கிரைண்டர் ஒன்றை போனிலேயே ஆர்டர் போட்டேன். நாலாம் நாள் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொண்டுவந்த தம்பி அவசரத்தில் இருந்தார். ஓ.டி.பி. கேட்டார், சொன்னேன், போய்விட்டார்.

புதுக் கல் என்றால் ரேஷன் அரிசி ஒரு கைப்பிடி ஊறப்போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கீழே கொட்டுவது எல்லா வீட்டிலும் வழக்கம். கல்தூள் போவதற்காக. எங்களுக்கு நாலாவது தடவையும் மாவு சாம்பல் நிறத்திலேயே வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘கடக், கடக்’ என்று ஒரு சத்தம். அவள் மாவை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். மணலைத் தொட்ட மாதிரி நறநறவென்று இருந்தது. கல்லைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தேன். உருளைக்கல்லின் அடி விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அங்கிருந்து மேலே வரைக்கும் முடி மாதிரி ஒரு விரிசல். அந்த மாவில் இட்லி ஊற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

அன்றைக்கே ஆப்பில் ‘பொருள் சேதம்’ என்று போட்டு ஐந்து போட்டோ அனுப்பினேன். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. கத்தியால் டேப்பைக் கிழிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று படம் பிடிக்க வேண்டும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லையே. இரண்டு நாள் வாதாடிய பிறகு, சரி, எடுத்துக்கொள்கிறோம், ஆள் வருவார் என்று செய்தி வந்தது.

புதன்கிழமை காலையிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் 6.40-க்கு, ‘எங்கள் பணியாளர் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை’ என்று செய்தி. வியாழக்கிழமையும் அதே. சனிக்கிழமை கிரைண்டரையே பெட்டியோடு திண்ணைக்குத் தூக்கி வந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடும் அங்கேதான். தெருவில் அந்த நிறுவனத்தின் வண்டி எதுவும் வரவில்லை. போனும் அடிக்கவில்லை. ராத்திரி 9.10-க்குச் செய்தி வந்தது: மூன்று முறை முயன்றும் வாடிக்கையாளர் இல்லாததால் கோரிக்கை ரத்து. திருப்பிக் கொடுக்கும் 7 நாள் கெடுவும் அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை அவர்களுடைய பார்சல் கொட்டகைக்கே போனேன். அங்கிருந்த ஒரு தம்பி மரியாதையாகப் பேசினார். “ஐயா, எனக்கு ஒரு நாளைக்கு நூறு பார்சலுக்கு மேல. ரிட்டர்ன் எடுத்தா பைக்ல வைக்க இடமே கிடையாது. ஆனா ஏதாவது ஒரு காரணத்தை அழுத்தாம ராத்திரி கணக்கை முடிக்க முடியாது. ‘இடமில்லை’ன்னு அதுல ஒரு காரணமே இல்ல.” அவர் போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். வாடிக்கையாளர் இல்லை, வாடிக்கையாளர் மறுத்துவிட்டார், முகவரி சரியில்லை. எல்லாமே நம் தலையில் கட்டுகிற காரணங்கள். பார்சல் கணக்கில் கூலி வாங்கும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலை எழுதியவர்களைத்தான் கேட்கிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். தபாலில் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திருப்பினால், அந்தக் குறிப்பின் கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். என் காலத்தில் பதிவுத் தபால் என்றால் வீட்டில் அறிவிப்புச் சீட்டைப் போட்டுவிட்டு, 7 நாள் ஆபீஸில் வைத்திருப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐப்பசி மழையில், ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பாட்டிக்கு வந்த முதியோர் பென்ஷன் மணியார்டரை, போகாமலே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்தப் பாட்டி நனைந்துகொண்டே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். “எங்க வீட்டுக்குப் பூட்டே கிடையாதே ஐயா” என்றாள். போஸ்ட் மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. குறிப்பின் கீழே என் சுருக்கொப்பத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன், மெமோவும் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. எழுதினவன் யார் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. பாட்டி வந்து நிற்க ஓர் இடமும் இருந்தது. என்னைப் பற்றி எழுதியவர் யார், நான் எங்கே போய் நிற்பது?

அப்புறம் வாடிக்கையாளர் சேவை. ஆப் முழுக்கத் தமிழில் இருக்கிறது. விளம்பரம் தமிழில், தள்ளுபடி அறிவிப்பு தமிழில். புகார் என்று வந்தால் மட்டும் தமிழ் கிடையாது. சாட்டில் தமிழில் தட்டினால் ஆங்கிலத்தில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது, ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று. போன் எண்ணே கண்ணில் படாது. நாமே ‘என்னை அழையுங்கள்’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்பது தடவை பேசியிருக்கிறேன். ஒன்பது பேரிடமும் கல் உடைந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொருவரும் 48 மணி நேரம் கேட்டார்கள்.

எண்ணை இப்படி ஒளித்து வைப்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரர் வேறொரு கடையில் வாங்கிய பொருளுக்காக இணையத்தில் எண்ணைத் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். அது மோசடிக்காரன் எண். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி ஒரு ஆப்பை இறக்க வைத்து, போன் திரையை அங்கிருந்தே பார்த்து, 18,000 ரூபாயை எடுத்துவிட்டான். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள்தான் சொன்னார். பணம் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. இங்கேதான் அந்தப் பொய்க் குறிப்பு அவர்களுக்கு உதவுகிறது. அவர்கள் எடுக்க மறுக்கவில்லையாம். நான்தான் வீட்டில் இல்லையாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். நிறுவனம் அவர்களுக்கும் அதே பதிலை அனுப்பிவிட்டது, வாடிக்கையாளர் இல்லை என்று. சரி என்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. இணையத்திலேயே மனு போட வசதி இருக்கிறது. என் மகள்தான் ஏற்றிக் கொடுத்தாள். ஆனால் ஒரு கிரைண்டருக்காக எத்தனை பேரால் இவ்வளவு தூரம் போக முடியும்? பாதிப் பேர் முதல் வாரத்திலேயே கையை விட்டிருப்பார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். பொருளைக் கொடுக்கும்போது எங்களிடம் ஓ.டி.பி. கேட்கிறார்களே, ‘ஆள் இல்லை’ என்று பதியும்போதும் அந்த நிமிஷமே எங்களுக்குப் போன் போட்டு உறுதி செய்யட்டும். அப்படி உறுதி செய்யாத குறிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் தாமதத்தால் போன நாட்களை எங்கள் கெடுவிலிருந்து கழிக்கக் கூடாது. தமிழில் விற்கிறவர்கள் தமிழில் புகாரைக் கேட்க ஒரு ஆளை வைக்க வேண்டும். அந்தத் தம்பியின் போனில் ‘நாங்கள் வரவில்லை’ என்று அழுத்தவும் ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தினால் அவர் கூலியில் கை வைக்கக் கூடாது.

என்னிடம் மூன்று செய்திகளின் நகலும், அந்த நாட்களில் எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்பதற்கான போன் பதிவும் இருக்கின்றன. நீங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். இதே மாதிரி ‘ஆள் இல்லை’ என்று எழுதப்பட்ட வாசகர்கள், தேதி நேரத்தோடு உங்களுக்கு எழுதினால் தயவுசெய்து அவற்றையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
அம்பாசமுத்திரம்.