கொயில் வாங்க முன்னர்

பருத்தித்துறை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன், குரல்பதிவையும் கேட்டேன். நீங்கள் வாங்கியிருப்பது 1972ஆம் ஆண்டின் 25 குதிரைவலு ஜோன்சன் படகு எஞ்சின் என்பதும், இலையுதிர் காலம் வரை ஏரியில் ஒழுங்காக ஓடிய அந்த எஞ்சின், பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் கிடந்த பின்னர், சாவியைத் திருப்பினால் வேகமாகச் சுற்றுகிறதே தவிரப் பற்றவில்லை, இரண்டு சிலிண்டரிலும் பொறி இல்லை என்பதும் விளங்குகிறது. அங்குள்ள திருத்துநர் பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்களான இரண்டு கொயில்களையும் மாற்றச் சொன்னார் என்கிறாய். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், எஞ்சின் தலையில் சுழலும் பிளைவீலைக் கழற்றாமலும், மின்தொடர்பைக் காட்டும் மீற்றரை வைத்துப் பாராமலும் சொன்ன முடிவை நம்பிக் காசு செலவழிக்க நான் உடன்படமாட்டேன்.

முதலில் பற்றரியைப் பற்றிய கவலையை விடு. உன் எஞ்சினில் பற்றரிக்குப் பொறியோடு தொடர்பில்லை. ஸ்ராற்றரைச் சுற்றுவதே அதன் வேலை. பிளைவீலுக்குள் இருக்கும் காந்தம் கொயில்களைக் கடந்து சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. பொயின்ற் என்ற சிறு மின்தொடுப்பு மூடியிருக்கையில் கொயிலின் முதற் கம்பிச்சுற்றில் ஓடும் அந்த மின்னோட்டம், பொயின்ற் திறக்கும் கணத்தில் அறுபட, அந்த அறுபடலே இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்பிப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நீ பார்த்த காணொளிகளில் வரும் ‘பவர் பாக்’ என்ற பெட்டி பிந்திய எஞ்சின்களுக்கு உரியது. இங்கே எங்கள் கரையில் ஓடும் யமஹாக்களிலும் அத்தகைய மின்னணுப் பெட்டிதான் இருக்கிறது. அவற்றுக்குச் சொல்லும் அளவுகளை உன் எஞ்சினில் தேடினால் வீணாகக் குழம்புவாய்.

இனிச் சாவிக்கு வருகிறேன், ஏனெனில் என் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது. காரில் சாவியை மூடினால் பொறிக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. இந்த எஞ்சினில் அது நேர்மாறாக நடக்கிறது: இரண்டு பொயின்ற்றிலிருந்தும் ஒவ்வொரு வயர் வெளியே வந்து சாவிக்குப் போகிறது, சாவியை மூடும்போது அந்த வயர்கள் இணைக்கப்படுவதால், பொயின்ற் திறந்தாலும் மின்னோட்டம் அறுபடாமல் வேறு வழியில் போய்விட, பொறி பிறப்பதில்லை. ஆகவே அந்த வயர்களின் மேலுறை எங்காவது தேய்ந்து அவை ஒன்றோடொன்று முட்டினாலோ, எஞ்சின் உடலில் முட்டினாலோ, நீ சாவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் ‘நிறுத்து’ என்ற கட்டளையையே கேட்டுக்கொண்டிருக்கும். மாறாக, அதே வயர் அறுந்துபோனால் எஞ்சின் ஓடும், நிறுத்தத்தான் முடியாது.

உன் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பொயின்ற், அந்தப் பொயின்ற்றில் பொறி தெறிக்காமல் காக்கும் தனிக் கொண்டென்சர், தனிக் கொயில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் நானும் முதலில் கொயிலைத்தான் சந்தேகித்திருப்பேன். இரண்டிலும் ஒருசேரப் பொறி நின்றிருப்பதால், இரண்டுக்கும் பொதுவானதையே முதலில் பார்க்க வேண்டும். கொட்டிலில் எலிகள் இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். வயரின் உறையைக் கடிப்பதில் எங்கள் ஊர் எலிக்கும் உங்கள் ஊர் எலிக்கும் வேறுபாடு இருக்கப்போவதில்லை.

கியரை நியூட்ரலில் வை. பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டு பிளக்குகளையும் வெளியே எடுத்து, வயரோடு பொருத்தி, அவற்றின் உலோக உடல் எஞ்சினோடு நன்றாக முட்டும்படி, ஆனால் பிளக் துளைகளிலிருந்து தள்ளி வை. துளை வழியாகப் பெற்றோல் ஆவி வரும், அதில் பொறி பட்டால் ஆபத்து. பிளக் இடைவெளி 0.030 அங்குலம் இருக்கட்டும். பிறகு பொயின்ற் பக்கத்திலிருந்து சாவிக்குப் போகும் அந்த இரண்டு வயர்களையும் எஞ்சினுக்கு அருகிலேயே கழற்றி, நுனிகள் எதிலும் முட்டாமல் விட்டு, மாலை மங்கலில் எஞ்சினைச் சுற்றிப் பார். நீலப் பொறி படபடவென்று விழுந்தால், பிளைவீலுக்குக் கீழே உள்ள அனைத்தும் நலம்; குற்றம் சாவியிலோ வழியிலோ இருக்கிறது. அந்த நிலையில் பிளக்கைப் பூட்டி எஞ்சினை ஓடவைக்காதே, சாவியால் அதை நிறுத்த முடியாது.

பொறி வந்தால், சாவிப் பக்கம் போகும் வயர்களில் மீற்றரை வை. சாவி ஓடும் நிலையில் இருக்கும்போது அவை ஒன்றோடொன்றோ எஞ்சின் உடலோடோ தொடர்பு காட்டக் கூடாது. மீற்றரைப் பார்த்தபடியே வயர்க்கட்டை நீளம் முழுவதும் அசைத்து வா. எஞ்சின் மூடியைத் துளைத்துச் செல்லும் இடத்திலும் சாவியின் பின்புறத்திலும் கூடுதலாக அசை. பழுதான வயரைக் கண்டால் ரேப் சுற்றி மறைக்காமல், வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்பு வயரால் மாற்று. சாவியின் பின்னால் பற்றரியின் 12 வோல்ட் வயரும் இருப்பதால், வேலை செய்யும்போது பற்றரியைக் கழற்றிவிடு. அந்த மின்சாரம் நிறுத்தும் வயரில் ஏறினால் பொயின்ற் கருகிவிடும்.

வயர்களைக் கழற்றியும் பொறி வராவிட்டால் மட்டுமே பிளைவீலைக் கழற்ற வேண்டும். அதன் நடுவில் உள்ள மூன்று துளைகளில் பூட்டும் இழுப்பானை இரவலாக வாங்கு. விளிம்பைப் பிடித்து நெம்பவோ, தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவோ கூடாது. பல மாதம் ஓடாத எஞ்சினில் பொயின்ற் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்து இரண்டு சிலிண்டரையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுவதுண்டு. மதுசாரத்தில் நனைத்த வெள்ளைக் கடதாசியை இடையில் வைத்து இழுத்தால் அது போய்விடும். பொயின்ற் மிகக் கூடுதலாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்து, அளவுத்தகட்டின் எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதால் மீண்டும் கடதாசியை இழு. எரிபொருள் கைபிடியைத் திருப்பும்போது பொயின்ற்றும் கொயிலும் பூட்டிய தட்டு முழுவதும் திரும்புகிறது என்பதால், அதன் கீழே வளைந்து நிமிரும் வயர்கள் உள்ளே இற்றிருக்கின்றனவா என்பதையும் மெல்ல இழுத்துப் பார். கொயிலின் மேலுறை வெடித்திருப்பதை நேரில் கண்டால் அதை மாற்றத்தான் வேண்டும். ஜோன்சனைச் செய்த நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டாலும் அந்தப் பாகங்களை வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன.

வயர்களைக் கழற்றிய பின் பொறி வந்ததா இல்லையா, வந்தால் இரண்டிலுமா ஒன்றிலா என்பதை மட்டும் முதலில் எழுது. என் பதில் வரும்வரை கொயிலுக்குச் சொல்லிவைக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா