சோகக் கதை மட்டுமில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவும் நானும் சௌக்கியம். முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தின்னத்தான் ஆளில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கறுப்பின எழுத்தாளர் நாவல் என்றாலே அடிமை வாழ்க்கை, சவுக்கடி, அழுகை. ஆபீசில் மண்டை காய்ந்து வந்தபிறகு அதைக் கேட்கத் தெம்பில்லை அம்மா" என்றாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்மேல் தப்பில்லை. பாடத்திட்டத்தில் வைக்கிற புத்தகங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நீ உன் பால்டிமோர் நூலக அட்டையை என் போனில், ஒலிநூல்களை இரவல் வாங்கிக் கேட்கிற லிபி ஆப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் நான் முதலில் கேட்டு முடித்தது ஒரு கார்க்காரன் கதை. எஸ். ஏ. காஸ்பி 2020இல் எழுதிய 'பிளாக்டாப் வேஸ்ட்லேண்ட்'. வர்ஜீனியாவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஒருவன். போட்டிப் பட்டறை வந்து தொழில் படுத்துவிட்டது. அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் பாக்கி, பையனுக்குக் கண்ணாடி, மகளுக்குக் காலேஜ். கொள்ளைக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிற பழைய தொழிலுக்கே திரும்புகிறான். வாசிப்பவர் ஆடம் லசார்-வைட். கார் துரத்தல் வரும்போது அவர் குரல் போகிற போக்கில் நான் தாளித்துக்கொண்டிருந்த கடுகு கருகிவிட்டது. இதில் எங்கே அழுகை?

வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ ப்ளூ டிரஸ்' இன்னும் வேடிக்கை. 1948, லாஸ் ஏஞ்சல்ஸ். போருக்குப் போய் வந்த ஈசி ராலின்ஸுக்கு விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் தவணை கட்டியாக வேண்டும், அதற்காகத் துப்பறியப் போகிறான்! தவணைக்குப் பயந்து கொலைகாரர்கள் நடுவே போய் நிற்கிற துப்பறிவாளனை நான் அதுவரை பார்த்ததில்லை. அவன் தன் வீட்டைப் பற்றிப் பேசும் இடங்களை உன் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன் என்று உனக்கே தெரியும்.

நீ சொன்ன குறையைப் பற்றிக் கறுப்பின எழுத்தாளர்களுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1937இல் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' எழுதினார். ஃபுளோரிடாவில் ஜேனி என்று ஒரு பெண், மூன்று கல்யாணம், ஒரு பெரும்புயல். முழுக்க முழுக்க அவளுடைய ஆசையும் கோபமும் காதலும்தான். அதே வருஷம் ரிச்சர்ட் ரைட், அவரும் கறுப்பின எழுத்தாளர்தான், இதில் கருத்தும் இல்லை செய்தியும் இல்லை என்று விளாசிவிட்டார். எங்கள் துன்பத்தை எழுதாமல் காதலையா எழுதுகிறாய் என்பதுதான் அதன் சாரம் என்று எனக்குப் படுகிறது. ரைட் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் ஹர்ஸ்டன் பக்கம். பாவம், அந்த அம்மாள் 1960இல் ஏழையாகச் செத்தார், கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்தான் கல் வைத்தார். அதன் பிறகே புத்தகத்தை ஊர் மறுபடி படிக்கத் தொடங்கியது.

அதை நீ கண்ணால் படிக்காதே, காதால் கேள். பேச்சு முழுக்க அந்த ஊர்க் கறுப்பின மக்களின் கொச்சை. அச்சில் பார்த்தால் பாதி எழுத்தை எலி தின்றுவிட்டது போலிருக்கும். ஒலிநூலில் ரூபி டீ வாசிக்கிறார். பெரிய நடிகை, கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் கணவர் ஆசி டேவிஸுடன் மேடையை நடத்தியவர். அவர் வாயைத் திறந்ததும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து வம்பளக்கிற ஆண்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகிவிடுகிறார்கள். எனக்கு ஒரு அகராதியும் தேவைப்படவில்லை.

எல்லாரும் அப்படி வாசிப்பதில்லை. சிலர் ஒவ்வொரு வரியையும் நாடக வசனம் ஆக்கிவிடுகிறார்கள், தலைவலி வருகிறது. டோனி மாரிசன் தன் 'பிலவ்ட்' நாவலைத் தானே வாசித்திருக்கிறார். தணிந்த குரல், அவசரமே இல்லை. சமையல் செய்துகொண்டு கேட்க முடியாது. நீ அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

காதல் கதை வேண்டுமா, பெவர்லி ஜென்கின்ஸ் இருக்கிறார். 'இண்டிகோ' நாவலில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஹெஸ்டர், தப்பி வருகிறவர்களை மிச்சிகனில் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறாள். அடிபட்டு வரும் கதாநாயகன் அங்கேதான் வந்து சேர்கிறான். சில அத்தியாயங்களை ஹெட்போனில் கேட்பது நல்லது, அவ்வளவுதான் அம்மா சொல்வேன்.

மாயாஜாலம் பிடிக்கும் உனக்கு. என். கே. ஜெமிசினின் 'தி ஃபிப்த் சீசன்' தொடங்கும்போதே பூமி பிளக்கிறது. அதே நாளில் எசுன் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள்: சின்ன மகனைக் கணவனே அடித்துக் கொன்றுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். இவள் மகளைத் தேடிப் புறப்படுகிறாள். சோகம்தான், ஆனால் நீ சொன்ன சோகம் இல்லை. இவள் மலையைப் பெயர்க்கிறவள். எசுனின் பகுதி முழுக்க "நீ நடக்கிறாய், நீ பார்க்கிறாய்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. ராபின் மைல்ஸ் அதை வாசிக்கும்போது தேடிப் போகிறவள் நானாகிவிட்டேன், உனக்கு அன்றைக்கு இரவு போன் செய்தேனே, காரணம் இதுதான். இந்த வரிசையின் மூன்று நாவல்களுக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் மாயாஜாலக் கதைக்கும் தருகிற ஹியூகோ விருது கிடைத்தது. அதற்குமுன் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

இத்தனை சொல்லிவிட்டு இப்போது அடிமை வாழ்க்கைக் கதை ஒன்றைத்தான் நீட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்'. 1976இல் கலிஃபோர்னியாவில் புது வீட்டுக்குக் குடிபோகிற டானா, திடீரென்று 1800களின் தொடக்கத்துக்கு இழுக்கப்படுகிறாள். எந்த ஊருக்குத் தெரியுமா? உன் பால்டிமோர் இருக்கிற மேரிலாந்துக்குத்தான், செசபீக் வளைகுடாவின் கிழக்குக் கரைக்கு. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையனை அவள் காப்பாற்றியே ஆகவேண்டும், ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் பிறக்கமாட்டாள். பட்லரின் அம்மா வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தவர். கல்லூரியில் கூடப் படித்த ஒருவர் முந்தைய தலைமுறை எல்லாவற்றையும் பணிந்து பொறுத்துக்கொண்டதைக் குற்றமாகப் பேசியது பட்லருக்கு உறுத்தியது. அதிலிருந்து வந்த கதை இது. கிம் ஸ்டான்டன் வாசிக்கிறார், அலட்டல் இல்லாத குரல். த்ரில்லர் மாதிரிதான் ஓடும்.

நீ சனிக்கிழமை நண்டு தின்னப் போகிற ஃபெல்ஸ் பாயிண்ட் பக்கம்தான், பின்னாளில் அடிமைத்தனத்தை எதிர்த்துப் பேசியும் எழுதியும் புகழ்பெற்ற ஃப்ரெடரிக் டக்ளஸ் சிறுவனாக, அடிமையாக இருந்தான். எஜமானி அவனுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தாள், புருஷன் தடுத்துவிட்டான். டக்ளஸ் பிறந்ததும் 'கிண்ட்ரெட்' நடப்பதும் கிழக்குக் கரையில் ஒரே டால்பட் கவுண்டி. காரில் பாலம் தாண்டினால் போய்விடலாம். நான் அடுத்த முறை வரும்போது கூட்டிக்கொண்டு போ. போகிற வழியில் காரில் போட்டுக் கேட்கலாம்.

அப்புறம், நீ எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதாகச் சொன்னாய். காஸ்பிக்குச் செய்துகொள். ரூபி டீயை மட்டும் அப்படி ஓட்டிவிடாதே.

ஒரே அட்டையில் இரண்டு பேரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தனனரீவ் டியூவின் 'தி ரிஃபார்மேட்டரி' என்ற பேய்க்கதைக்கு வரிசையில் பெயர் போட்டிருக்கிறேன். ஃபுளோரிடாவில் நிஜமாகவே இருந்த ஒரு சீர்திருத்தப் பள்ளியை வைத்து எழுதியது. அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவனே 1937இல் அங்கே இறந்திருக்கிறான். எனக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். தெரியாத புத்தகம் என்று நீ அதை ரத்து செய்துவிடாதே.

அன்புடன்,
அம்மா