செல்லுஞ்செலவு யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் சீஷத்துவத்தின், அதாவது இயேசுவின் சீடராக வாழ்வதன், விலையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். வேலையை விட்டவர்கள், சொத்தை விட்டவர்கள், ஊரை விட்டவர்கள் என்று பலரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான்கு பக்கத்திலும் மனைவி என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. மனைவியும் மனமுவந்து ஒத்துழைத்தாராம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து 2014ல் ஓய்வு பெற்றவள். என் கணவர் 1986ல் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சுவிசேஷ வேலைக்குப் போனவர். மாதம் 1,400 ரூபாய் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, குடும்பத்துக்கே இலவச வைத்தியம். லிங்கராஜபுரத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு வேலை இருந்தால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

மூன்று நாள் கன்வென்ஷன் என்ற ஜெபக் கூட்டத்துக்குப் போனார். கடைசி நாள் இரவு, யார் அர்ப்பணிக்கிறீர்கள் என்று பிரசங்கியார் கேட்டபோது கை தூக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, ராஜினாமா கொடுத்த பிறகு, சாப்பிடும்போது சொன்னார். பிள்ளைகளுக்கு நான்கு வயதும் இரண்டு வயதும். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன். நான் மனமுவந்து ஒத்துழைத்தது அவ்வளவுதான்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தை எல்லாப் பிரசங்கியாரும் எடுப்பார்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிறார். அதில் 'உட்கார்ந்து' என்ற வார்த்தைதான் எப்போதும் என் கண்ணில் படும். நின்றுகொண்டு போடுகிற கணக்கு தப்பும் என்பது கணக்கு எழுதினவளுக்குத் தெரியும். கன்வென்ஷன் பந்தலில் எல்லோரும் எழுந்து நின்றுதான் அர்ப்பணிக்கிறார்கள்.

முதல் செலவு என் மாமியார் தலையில் விழுந்தது. கேஜிஎஃப்பில் (கோலார் தங்கவயலில்), சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் தனியாக இருந்தார். மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டு இறந்தவர். ஒரே மகன். மாதம் ஐந்தாம் தேதி 150 ரூபாய் எம்.ஓ. (மணியார்டர்) போகும். அது நின்றது. அத்தை கிறிஸ்தவர் இல்லை, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். மாரிக்குப்பம் பாசஞ்சரில் ஏறி வந்தார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்: "ஏம்மா, உங்க கர்த்தர் எம்.ஓ. அனுப்புவாரா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளத்தில் 75 ரூபாய் அனுப்பினேன். கர்த்தர்தான் அனுப்புகிறார் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அத்தை கடைசிவரை நம்பவில்லை.

தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கொடுக்காமல் விடுகிறவர்களை மாற்கு 7ல் இயேசுவே கண்டிக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில் பவுல் சொல்கிறார். அர்ப்பணிப்புக் கூட்டத்தில் இந்த இரண்டையும் எடுத்துப் பிரசங்கித்து நான் கேட்டதே இல்லை. தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுக்காவிட்டால் சீஷனாயிருக்க முடியாது என்ற வசனம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

உங்கள் கட்டுரையில், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி வருகிறார். யார் எழுதினாலும் வருவார். அவர் மனைவி டாரதியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் வைத்த பெண். இந்தியாவுக்கு வர மாட்டேன் என்று முதலில் உறுதியாகச் சொன்னாள். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கப்பல் தடைப்பட்டதால் திரும்பவும் வந்து கேட்டார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று கடைசியில் சம்மதித்தாள். 1793ல் கைக்குழந்தையோடு ஐந்து மாதம் கடல் பயணம். மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அதற்கப்புறம் அவளுக்குப் புத்தி பேதலித்தது. 1801ல் கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. அப்போதும் அவள் அதே நிலையில்தான் இருந்தாள். 1807ல் செராம்பூரில் இறந்தாள். கேரி செய்த வேலை பெரிய வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் முதலில் சொன்ன 'மாட்டேன்' ஒரு பதில்தானே?

2022 மே 15ஆம் தேதி, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுக்கும் பாயசம் கொடுத்தது. அன்று முழுக்க நான் அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, அது வேறு கதை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இவர் ஆதி திராவிடர் குடும்பத்தில் பிறந்து 23 வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். ஞானஸ்நானம் எடுத்தால் தெருவில் சாதி போவதில்லை, சான்றிதழில் மட்டும் போய்விடுகிறது. அதனால் எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளில் சர்ச்சில் ஒரு பெயர், ரெக்கார்டில் ஒரு பெயர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெருவில் நான்கு வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

1990ல் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். மதம் என்ற இடத்தில் இந்து என்று போடுங்கள் சார், பின்னால் உதவும் என்று கிளார்க்கே சொன்னார். இவர் கிறிஸ்தவன் என்று எழுதினார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 2002ல் மகன் இன்ஜினியரிங்குக்கு சிஇடி நுழைவுத் தேர்வு எழுதியபோதுதான் அதன் விலை தெரிந்தது. அவனைவிட ரேங்க்கில் பின்னால் இருந்த பையனுக்கு சீட் கிடைத்தது, ஸ்காலர்ஷிப்போடு. இரண்டு பேரும் ஒன்றாக சண்டே ஸ்கூல் படித்தவர்கள். என் மகன் பி.எஸ்சி. சேர்ந்து, மாலையில் கூரியர் ஆபீசில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டினான். இன்று நன்றாகத்தான் இருக்கிறான். சர்ச்சுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு முறை சொன்னான்: "அப்பா உண்மையைச் சொன்னார், ஃபீஸ் நான் கட்டினேன்."

வேலையை விட்டதைப் பற்றி இவரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஃபாரத்தைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. பேனா என் கையில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஊழியத்தில் கார் வாங்கினவர்கள் இருக்கிறார்கள், இவர் அந்த ரகம் இல்லை. ஒடிசாவின் மலைக் கிராமங்களில் வருடத்துக்கு எட்டு மாதம் கிடந்தார். நான்கு முறை மலேரியா. எழுத்து வாசனையே இல்லாத ஊரில் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு பெண் நர்ஸாகி, இப்போதும் கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்கிறாள். அவள் குரலைக் கேட்டால் எனக்கும் கண் கலங்கும். எங்கள் மகளுக்கு டைஃபாய்டு வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தக் கிராமத்துக்குத் தந்தி போய்ச் சேரவே ஆறு நாள் ஆனது. இரண்டும் நடந்ததுதான்.

ஊழியத்துக்கு ஆள் அனுப்புகிற மிஷன்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளை அனுப்புவதற்கு முன் அவர் மனைவியையும், உயிரோடு இருந்தால் தாயையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். மாட்டேன் என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிஎஃப் பிடியுங்கள். பிஎஃப் கேட்பது விசுவாசக் குறைவு என்று ஒரு தலைவர் என்னிடமே சொன்னார். அவர் மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் என் அம்மா வீட்டில் பிடியரிசிப் பானை உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று அதில் போடுவார்கள். மாதக் கடைசியில் அளந்து கொடுத்தால், அந்த அரிசிக்குக்கூட ரசீது வரும்.

அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி எடுக்கப் போனால், உங்கள் நிருபர் சமையல்கட்டிலும் கால் மணி நேரம் உட்காரட்டும்.

பெயர் வேண்டாம்,
ஊழியக்காரர் ஒருவரின் மனைவி,
லிங்கராஜபுரம், பெங்களூரு.

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்கு முன் இவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனா கேட்டு வாங்கி, 1,400 என்ற இடத்தில் 1,485 என்று திருத்தினார். ஓவர்டைம் சேர்க்காமல் என்றார். அந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் போடவும்.