பேருந்து நிறுத்தத்தில் தனியாக ஒரு பெண்

மதுரை,
ஐப்பசி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். காமாட்சிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகிறது. இப்போது கம்பு இல்லாமல் வாசல் வரை நடக்கிறாள். மழை விட்டபாடில்லை, கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. உன் மகனுக்கு மாற்றல் கிடைத்து ஊருக்கே வந்துவிட்டான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டியதும் காமாட்சி, "அப்பாடா, இனிமே அண்ணன் தனியாச் சாப்பிட வேண்டாம்" என்றாள். எனக்கும் அந்த நிம்மதிதான்.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். "அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு உரிமை கிடைத்தது போராட்டத்தால் இல்லை, ருஷ்யா கேலி பண்ணுமே என்ற பயத்தால்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நாலு நாளாக அந்த வரி என்னை விடவில்லை. அதில் பாதிக்கு நானே சாட்சி சொல்வேன். மறுபாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊர் நூலகம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே மேஜையில் இந்தப் பக்கம் 'சோவியத் நாடு', அந்தப் பக்கம் அமெரிக்காக்காரர்கள் அனுப்பும் பத்திரிகை. வழவழப்பான தாள் என்பதால் சோவியத் நாட்டைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போடுவோம். நம்மை மாதிரிப் பையன்களின் மனசைப் பிடிக்கத்தான் இரண்டு வல்லரசும் அவ்வளவு செலவு செய்தன என்று அப்போது நமக்கு எங்கே தெரிந்தது.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லுமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 1952 டிசம்பரில் அரசாங்கமே ஒரு மனு போட்டது. இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று அதில் எழுதியே கொடுத்தார்கள். 1954 மே 17இல் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி அதை 34 மொழிகளில் உலகத்துக்குச் சொன்னது. மறு வருடமே ஹூஸ்டன் விமான நிலையத்தில் நம் தூதர் ஜி. எல். மேத்தாவைப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எழுப்பித் தனி இடத்துக்கு அனுப்பினார்கள். வெளியுறவு அமைச்சர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஆக, பயம் இருந்தது உண்மை. கூச்சமும் இருந்தது.

இனி லிட்டில் ராக். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகர் அது. தீர்ப்பின்படி சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவாகியிருந்தது. ஒன்பது பேரும் சேர்ந்து போகலாம் என்று முதல் நாள் இரவு வீடு வீடாகப் போனில் சொன்னார்கள். எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் போன் இல்லை. அதனால் 1957 செப்டம்பர் 4ஆம் தேதி காலை அவள் மட்டும் தனியாக டவுன் பஸ் ஏறினாள். வயசு பதினைந்து. பள்ளிக்கூடத்துக்கென்றே வீட்டில் தைத்த வெள்ளைக் கவுன், ஓரத்தில் கட்டம் போட்ட துணி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மார்போடு அணைத்த நோட்டு.

பள்ளி முன்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். தனக்குக் காவலாக நிற்கிறார்கள் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்தது. வெள்ளைக்கார மாணவர்களை வழிவிட்டு உள்ளே அனுப்பிய அதே சிப்பாய்கள் அவள் வந்ததும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். மாநில ஆளுநர் ஃபாபஸ் அவர்களை நிறுத்தியதே இவளைத் தடுக்கத்தான். பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. மரத்தில் தொங்கவிடுங்கள் என்றுகூடக் குரல் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவியின் முகம் கனிவாகத் தெரிந்ததாம். இவராவது உதவுவாரா என்று பார்த்திருக்கிறாள். அந்தக் கிழவி இவள்மேல் துப்பினாள்.

ஓடவில்லை, சண்முகம். தெருக்கோடியில் பேருந்து நிறுத்தம் இருந்தது. அது வரை நடந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பத்திரிகை நிருபர் பக்கத்தில் உட்கார்ந்து, நீ அழுவதை அவர்கள் பார்க்கக் கூடாது என்றார். ஒரு வெள்ளைக்கார அம்மா கூடவே நின்று பஸ் ஏற்றிவிட்டார். அங்கிருந்து நேரே தன் அம்மா வேலை பார்த்த பார்வையற்றோர் பள்ளிக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்?

அன்றைக்கு எடுத்த படம் உலகமெல்லாம் போயிற்று. ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க டாங்கி விட்டு ருஷ்யா வாங்கிய கெட்ட பெயரைவிட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இது நமக்குப் பெரிய கேடு என்று டல்லஸ் போனில் சட்ட அமைச்சரிடம் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 24 இரவு ஜனாதிபதி ஐசன்ஹோவர் தொலைக்காட்சியில் பேசினார். நம் எதிரிகள் இதைப் பார்த்து மகிழ்கிறார்கள் என்று அவரே சொன்னார். ஆயிரம் பேருக்கு மேல் மத்திய அரசின் ராணுவம் இறங்கியது. மறுநாள் ஒன்பது பேரும் சிப்பாய்கள் சூழ முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 4இல், ருஷ்யா உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது.

பார்த்தாயா, ருஷ்ய பயம் வேலை செய்தது என்று நீ சொல்வாய். செய்தது. ஆனால் ராணுவம் வந்தது செப்டம்பர் 24இல். அந்தப் பெண் நடந்தது 4இல். அவள் நடந்திருக்காவிட்டால் படம் ஏது? படம் இல்லாமல் டல்லஸுக்கு என்ன கவலை? மாஸ்கோவுக்கும் அவள்மேல் ஒன்றும் பாசம் இல்லை. முந்தின வருடம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிள்ளைகளைச் சுட்ட கைதான் அது.

அதோடு, அடுத்தவன் பார்க்கிறானே என்று வரும் மரியாதை அடுத்தவனோடு நின்றுவிடும். 1961இல் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும் 40ஆம் எண் சாலையில், மேரிலாந்து மாநிலத்தில், சாட் நாட்டின் தூதருக்கு ஒரு கடையில் காப்பி தர மறுத்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு நாடாக விடுதலை பெற்றுவந்த நேரம், ஜனாதிபதி கென்னடியின் அரசுக்குப் பெரிய தலைவலி. கறுப்பினத்தவர் நடத்திய பால்டிமோர் பத்திரிகை ஒன்றின் நிருபர்கள் மூன்று பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? 'கோபன்' என்று இல்லாத ஒரு நாட்டுக்குப் பெயர் வைத்து, அதன் பிரமுகர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு அதே சாலையில் சாப்பிடப் போனார்கள். அந்நியர் வேஷத்தில் போனதால் சில கடைகளில் உபசாரத்தோடு பரிமாறினார்கள். தன் நாட்டில் ஒரு வாய் சோறு தின்ன வெளிநாட்டான் வேஷம் போட வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் நீ விட்டுவிட்டாய். அதே பயம் எத்தனை பேர் வாயைக் கட்டியது! கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950இல் பறித்தார்கள். கறுப்பர்கள் படும் பாட்டை அவர் வெளிநாட்டில் போய்ப் பேசுகிறார் என்பது அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று. 1952இல் கனடா எல்லையில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார். அவர் அமெரிக்க மண்ணில். கேட்ட ஜனங்களில் பல்லாயிரம் பேர் அந்தப் பக்கம், கனடா மண்ணில். குரல் மட்டும் எல்லை தாண்டியது. பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்க 1958 ஆயிற்று. எட்டு வருடம்! நன்றாகப் பாடும் வயதில் ஒரு பாடகனின் எட்டு வருடம் போனது. கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டையோ ருஷ்யாவுக்கு அனுப்பிப் பெருமை தேடப் பார்த்தார்கள். லிட்டில் ராக் செய்தி கேட்டதும் அவர், என் ஜனங்களை இப்படி நடத்தும் அரசாங்கம் நரகத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பயணத்தையே உதறினார்.

அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரம் பற்றி நீயே எழுதியிருந்தாய், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். 1963 மே மாதம் அங்கே உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள்மேல் போலீசார் நாயை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அதே மாதம் ஆப்பிரிக்கத் தலைவர்கள் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கூடியிருந்தார்கள். உகாண்டாவின் பிரதமர் ஒபோட்டே கென்னடிக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். ஜூன் 11இல் கென்னடி இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கொண்டுவருவதாகப் பேசினார், 1964 ஜூலை 2இல் அது நிறைவேறியது. கென்னடியைக் கூச வைத்தது மாஸ்கோ என்கிறாய். தண்ணீரின் வேகத்தில் சுவரோடு ஒட்டி நின்ற அந்தப் பிள்ளைகள் என்கிறேன் நான்.

எலிசபெத்துக்குப் பல வருடம் அந்தக் காலையைப் பற்றி வாய் திறந்து பேசவே முடியவில்லையாம். அந்தப் படத்தைப் பேத்தியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "தாத்தா, இந்த அக்கா மறுபடியும் அந்த ஸ்கூலுக்கே போனாங்களா?" என்று கேட்டாள். போனாங்கம்மா, அந்த வருஷம் முழுக்கப் போனாங்க என்றேன்.

படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் உன் வீட்டுக்கு வருகிறேன், காமாட்சி பஸ்ஸில் உட்காரும் அளவுக்குத் தேறிவிட்டால் அவளும் வருவாள். பரணில் நீ கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டு கரையான் அரிக்காமல் இருந்தால் இறக்கி வை. அந்த வருடங்களில் இரண்டு பக்கமும் நமக்கு என்ன சொன்னார்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து புரட்டிப் பார்ப்போம்.

என்றும் உன்,
முத்தையா