16 வயதுப் பையனுக்கு எந்த வார்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களுக்குப் போதைக்காக வலி மாத்திரை விற்றவர்கள் பிடிபட்ட செய்தியைச் சென்ற வாரம் படத்தோடு போட்டிருந்தீர்கள். மேசை மேல் அட்டை அட்டையாக மாத்திரை, பின்னால் வரிசையாகக் காவலர்கள். சரி, பிடிக்கட்டும். அந்த மாத்திரையை வாங்கித் தின்ற பிள்ளைகள் அப்புறம் எங்கே போகிறார்கள் என்றுதான் யாரும் எழுதுவதில்லை. அப்படி ஒருவனோடு மனநல வார்டில் 19 நாள் பாய் போட்டுப் படுத்திருந்தவன் நான்.

என் அக்கா மகன். வயது 16. உதட்டுக்குள் அடக்கும் புகையிலையில் தொடங்கி, கஞ்சாவுக்குப் போய், மாத்திரைக்கு வந்திருக்கிறான். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல், பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. அக்கா முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போனாள். சொல்வதற்கு என்ன வெட்கம்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கிருந்த நர்ஸம்மாக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி மாத்திரையைக் கையில் கொட்டி, தண்ணீர் கொடுத்து, "நாக்கைத் தூக்கு தம்பி" என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஆனால் அவனைப் படுக்கவைத்தது பெரியவர்கள் வார்டில். ஒரு பக்கம் குடியை நிறுத்திக் கை நடுங்கும் 45 வயதுக்காரர். மறுபக்கம் மாத்திரைப் பழக்கத்துக்காக மூன்றாவது முறையாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞர். முதல் வாரம் முழுக்கப் பையன் யாரோடும் பேசவில்லை. இரண்டாவது வாரம் அந்த இளைஞரோடு சிநேகமாகிவிட்டான். எந்த ஊரில் எந்தக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் என்று அவர் பாடம் நடத்தியதை, தூங்குவதுபோல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வார்டில் இன்னொரு பையன், 14 இருக்கும். பஞ்சர் ஒட்டும் பசையை முகர்ந்து முகர்ந்து வந்து சேர்ந்தவன். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த முகரும் போதைதான். வார்டிலோ எல்லாமே குடிகாரர்களுக்கு அமைத்தது. கூட்டுக் கலந்தாய்வில் உட்கார்ந்தால் பேச்சு முழுக்க மனைவி, சம்பளம், கல்லீரல். இந்த இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பெரியவர்களிடமிருந்து தனியாகத்தான் தங்கவைக்க வேண்டும் என்கிறது. போதையால் வரும் மனநலக் கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ சிகிச்சை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டாவதை மட்டும் மறக்காமல் கேட்டார்கள். அக்கா பட்டாசு ஆலைக்குப் போகிறவள், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். தாய்மாமன் இல்லாத பையன் என்ன செய்வான்?

ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வந்த இளம் டாக்டர் ஒருவர் போதையைப் பற்றிக் கேட்கும் முன், "மூன்றாம் வகுப்பில் இவன் ஓரிடத்தில் உட்காருவானா?" என்று அக்காவிடம் கேட்டார். எங்கே உட்கார்ந்தான்? வால் என்றுதான் வாத்தியார்கள் பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத குறைபாடு) என்று பெயர் இருப்பதும், அதைக் கவனிக்காமல் போதையை மட்டும் நிறுத்தினால் மறுபடி திரும்பக்கூடும் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. காதில் கேட்ட குரல்கள் கஞ்சாவால் வந்தவையா, வேறு நோயின் தொடக்கமா என்பதை மாதக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். வீட்டிலிருந்து அங்கே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பக்கத்தில் இருக்கும் போதை மீட்பு மையத்தில் கேட்டால், "சின்னப் பசங்களை நாங்க பார்க்கிறதில்லை" என்கிறார்கள்.

பள்ளியில் அதைவிட மோசம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்ததும் டிசி-யை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில், குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 7 ஆண்டு வரை சிறை. வாங்கிய குழந்தைக்கு டிசி கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை.

2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கினார்கள். நல்ல காரியம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்கென்று கதவு வைத்த ஓர் அறை, நாலு கட்டில், பாடப் புத்தகம் வைக்க ஒரு மேசை, முடிந்தால் ஒரு கேரம் போர்டு. கூட இருக்கும் அம்மாவுக்கு அன்றைய கூலியில் பாதியாவது. மாத்திரை அட்டையைப் படம் எடுக்கும் உங்கள் செய்தியாளரை ஒருமுறை இந்த வார்டுப் பக்கமும் அனுப்புங்கள்.

பையன் இப்போது பரவாயில்லை. போன மாதம் அவன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்த இளைஞர். நலம் விசாரிக்கத்தானாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாத வாசகர்,
விருதுநகர் மாவட்டம்.