சிகரெட் வரியை நம்பி நம் குழந்தைகள்

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியின் (மாவட்டத்தின்) பட்ஜெட்டை முடிவு செய்யும் மேற்பார்வையாளர் குழுவின் ஐந்து உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் சன்னிவேலில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தாய். என் மகன் இரண்டரை வயது வரை பேசவில்லை. "வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப் போயிருக்கான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அதை நம்பி, கொஞ்ச நாள் அவனிடம் தமிழ் பேசுவதையே விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. அப்புறம் ஒரு நாள், குடும்ப உதவி மையம் ஒன்றில் கட்டணமில்லாமல் நடந்த விளையாட்டு வகுப்புக்குப் போனோம். அங்கிருந்த ஊழியர் அவன் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார். அவன் திரும்பவே இல்லை. காதுக்குள் நீர் கோத்து நிற்கிறது என்றார் டாக்டர். சின்னக் குழாய் வைத்தார்கள், அவ்வளவுதான். இன்று இரண்டு மொழியிலும் வாய் ஓயாமல் பேசுகிறான்.

அன்று அந்த அறையில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஓர் அப்பா இருந்தார். ராத்திரி முழுக்க அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டுத் தூங்காமல் வந்த அம்மா, பேரனை மடியில் வைத்திருந்த வியட்நாம் பாட்டி என எல்லோரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கவுண்டியில் அப்படிப்பட்ட இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான இத்தகைய பணிகளுக்குத் துணை நிற்பது ஃபர்ஸ்ட் 5 ஆணையம். 1998-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 10-ஆம் முன்மொழிவு சிகரெட் பாக்கெட்டுக்கு 50 சென்ட் வரி போட்டது. அதில் 80 சதவீதம், அந்தந்தக் கவுண்டியில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைப்படி, கவுண்டிகளின் ஃபர்ஸ்ட் 5 ஆணையங்களுக்குப் பிரிகிறது. அன்றைக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜனங்கள் புகைப்பதை விட்டுவருகிறார்கள். 2022-இல் வாசனை சேர்த்த புகையிலைக்குத் தடையும் உறுதியானது. எனக்கு அதில் முழுச் சந்தோஷம். அதே சமயம், விற்காத ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த 50 சென்ட் கைவிட்டுப் போகிறது. இங்கே வாடகை குறைந்ததா, குழந்தை பார்த்துக்கொள்ளும் செலவு குறைந்ததா?

கவுண்டியே மருத்துவமனைகளை நடத்துகிறது, பண நெருக்கடி இருக்கிறது, எல்லாம் சரி. இருந்தாலும் ஜூலை 1-இல் தொடங்கும் அடுத்த பட்ஜெட்டில், சிகரெட் வரியில் விழும் துண்டை ஈடுகட்டப் பொது நிதியிலிருந்து ஒரு நிரந்தரத் தொகை ஒதுக்குங்கள். வருடாவருடம் நாங்கள் வந்து கெஞ்சும்படி வைக்காதீர்கள். பேச்சு வராத குழந்தைக்கு ஒரு வருடம் என்பது ரொம்ப நீண்ட காலம்.

பட்ஜெட் விசாரணை நாளில் ஹெடிங் தெருவிலுள்ள கவுண்டி அலுவலகத்துக்கு மகனோடு வருகிறேன். பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதையே ஆங்கிலத்திலும் சொல்வேன்.

இப்படிக்கு,
சன்னிவேலிலிருந்து ஒரு தாய்