வேண்டுமென்றே செய்த பிழை

அன்புள்ள நண்பா,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிப் படிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராமே, அந்தத் துணிச்சலில்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்றபின் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். கணினியில் விமானம் ஓட்டுகிறேன். சிரிக்காதே. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத் திசைகாட்டி, கடிகாரம், வேகமானி மூன்றை மட்டும் நம்பி ஓட்டுகிறேன். விமானிகள் இதை டெட் ரெக்கனிங் என்கிறார்கள். பள்ளியில் நீ எனக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த தூரக் கணக்குதான்.

போன வாரம் நடுக்கடலில் ஒரு தீவைக் குறிவைத்து நேர் கிழக்கே கிளம்பினேன். 240 கடல் மைல் தூரம், 120 நாட் வேகம், அதாவது மணிக்கு 120 கடல் மைல். இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே பார்த்தால் வெறும் தண்ணீர்! வடக்கிலிருந்து 20 நாட் வேகத்தில் வீசிய காற்றை மறந்தே போனேன். மூக்கு கிழக்கே பார்த்தபடி இருக்க, விமானம் 40 மைல் தெற்கே ஒதுங்கிவிட்டது. ஆற்றில் நேராக நீந்துகிறவன் கீழ்த்துறையில் கரையேறுவதில்லையா, அதே கதை. மூக்கைப் பத்து டிகிரி போல வடக்கே திருப்பியிருந்தால், இரண்டு நிமிடம் பிந்தினாலும் தீவுக்கே போயிருப்பேன்.

ஆனால் காற்று சொன்னபடியா வீசுகிறது? 1931இல் பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற விமானி நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சிறு விமானத்தில் தனியாகக் கிளம்பினார். வழியில் நார்ஃபோக் தீவில் இறங்கியாக வேண்டும். அதன் நீளமே சுமார் 8 கிலோமீட்டர். நேராகப் போய்த் தீவு தென்படாவிட்டால் அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று யாரைக் கேட்பது? அதனால் மனிதர் வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளிப் பறந்தார். சூரியனின் உயரத்தை அளந்து, தீவின் வழியே செல்லும் கோட்டுக்கு வந்தாயிற்று என்று தெரிந்ததும் மறுபக்கம் திரும்பினார். தீவு எதிரே வந்தது. இந்தக் குயுக்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நேற்று நானும் 30 மைல் வடக்கே தள்ளிப் போய், நேரம் முடிந்ததும் தெற்கே திரும்பினேன். முதுகில் காற்று, 13 நிமிடத்தில் தெரிய வேண்டிய தீவு 17ஆவது நிமிடத்தில்தான் தெரிந்தது. அந்த நான்கு நிமிடமும் வயிற்றைக் கலக்கியது, அறையில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோய்.

தள்ளிப் போவது கணக்கில் வரக்கூடிய பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், எரிபொருளைத் தின்னவும் கூடாது. எத்தனை மைல் போதும் என்பதற்கு ஒரு சூத்திரம் போட்டு அனுப்பேன். கண் வலித்தால் விட்டுவிடு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்